கொல்லிமலை அடிவாரத்தில் ஓவியர்களுக்கு ஒரு சொந்தச் சுவர்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பேருந்து சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து காரவள்ளி அடிவாரத்தைச் சேர்கிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் செல்கிறவர்களுக்குச் சேந்தமங்கலம் சன்னலோரத்தில் ஓடி மறையும் ஓர் ஊர். தத்தாத்ரேயர் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் வரும் பக்தர்களை விட்டால், வெளியூர்க்காரர்கள் இங்கே இறங்குவது குறைவு. ஆனால் இந்த ஊரைச் சுற்றி இரண்டு செல்வங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒன்று, அடிவாரத்துப் புதர்க்காடு தொடங்கி மலை மேலுள்ள சோலை வரை அடுக்கடுக்காக வாழும் வண்ணப் பறவைகள். மற்றொன்று, நாமக்கல், சேலம் சமவெளியில் லாரிக்கும் கடைப் பலகைக்கும் கோயில் சுவருக்கும் வண்ணம் தீட்டிப் பழகிய கைகள். இந்த இரண்டும் சந்திக்கும் ஓவியக் கூடம் ஒன்று சேந்தமங்கலத்தில் வேண்டும். அதை அரசோ ஒரு முதலாளியோ நடத்தாமல், ஓவியர்களே கூட்டுறவாக நடத்த வேண்டும். அந்தக் கூடத்தின் அன்றாடச் சோற்றுக்கு வழியாகப் பறவைப் படம் இருக்க வேண்டும். இதுதான் இக்கட்டுரையின் வாதம். கேட்டவுடன் ஆகாத காரியம் போலத் தோன்றலாம். இதைவிடக் கடினமான நிலையில் தமிழ்நாட்டு ஓவியர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், 1957-இல் சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியின் முதல்வரானார். அவரைக் குடைந்த கேள்வி ஓவியப் பாணி பற்றியது மட்டுமல்ல, வயிறு பற்றியதும்கூட. படித்து முடித்து வெளியே போகும் மாணவன் எதைத் தின்று படம் வரைவான்? சென்னையில் அன்று நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பல மாணவர்கள் கிடைத்த வேலைக்குப் போய் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்கள். பணிக்கர் கண்ட வழி எளிமையானது. துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலையை ஓவியர்கள் சேர்ந்து செய்தார்கள். ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்து அவற்றை விற்றார்கள். அந்த வருமானம்தான் இஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியை வாங்க உதவியது. 1966-இல் அந்த இடத்தில் பிறந்ததே சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், பி. கோபிநாத், எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், வேலு விஸ்வநாதன், எஸ். நந்தகோபால் என்று இந்தியக் கலை வரலாற்றில் இடம்பெற்ற பலர் அங்கே வாழ்ந்து வேலை செய்தார்கள். மாலைக்குள் உருப்படியாக ஒரு பாத்திக் துணியை முடித்துவிட்டால், மற்ற நேரத்தில் யாருக்கும் பிடிக்காவிட்டாலும் தனக்குப் பிடித்த ஓவியத்தை வரையலாம். அதற்கு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் ஓவியங்களைச் சொல்வார்கள். தமிழ்நாட்டு மரபையும் நவீனத்தையும் இணைத்த மெட்ராஸ் இயக்கத்தைச் சொல்வார்கள். 2009-இல் திறந்த அருங்காட்சியகத்தைச் சொல்வார்கள். பாத்திக் துணிக்கு அந்தப் பேச்சில் ஒரு வரிதான் கிடைக்கும். என் பார்வையில் அந்தத் துணிதான் மொத்தக் கதையின் அச்சாணி. பணிக்கர் 1977-இல் மறைந்த பிறகும் கிராமம் கலையவில்லை. பெரிய மனிதர் ஒருவரின் ஆதரவில் நின்றிருந்தால் அவரோடு போயிருக்கும். உறுப்பினர்கள் சேர்ந்து சம்பாதித்த பணத்தில் சேர்ந்து வாங்கிய மண் என்பதால் நின்றது.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. நாட்டுப் பிரிவினையில் லாகூரிலிருந்து வந்த பி.சி. சன்யாலும் நண்பர்களும் 1949-இல் தொடங்கிய டெல்லி சில்பி சக்கரம், தலைநகரின் ஓவியர்கள் தாமே நடத்திய முதல் பெரிய முயற்சி. கண்காட்சியும் விவாதமும் அங்கே குறைவில்லாமல் நடந்தன. ஆனால் 1960களில் அது தளர்ந்துபோனது. நியூயார்க் நகரில் 1952-இல் தொடங்கிய டானேஜர் கூடத்தில் ஓவியர்களே சந்தா கட்டி, முறை வைத்துக் கூடத்தைக் காத்து நடத்தினார்கள். 1962-இல் அது மூடப்பட்டது. பெயர் பெற்றவர்களை வணிகக் கூடங்கள் இழுத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும், சந்தாவை மட்டும் நம்பிய கூடங்கள் தளர்ந்ததையும், உறுப்பினர்கள் சேர்ந்து செய்யும் ஒரு தொழிலை அடித்தளமாகக் கொண்டது அறுபது ஆண்டுக்கு நெருக்கமாக நிலைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகவே தெரிகிறது. கூடம் வேண்டுமானால் முதலில் கூட்டுத் தொழில் வேண்டும்.

அப்படியானால் கொல்லிமலை அடிவாரத்துக்குப் பாத்திக் எது? இங்கேதான் பறவை வருகிறது.

தமிழ்நாட்டில் பறவை பார்க்கிறவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகியிருக்கிறார்கள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலிலோ வயல் வரப்பிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளைக் குறித்து இபேர்டு தளத்தில் ஏற்ற யாராலும் முடியும். மாணவர்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் செய்கிறார்கள். வனத்துறையும் நீர்ப்பறவைகளுக்கும் நிலப்பறவைகளுக்கும் மாநிலம் முழுவதும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்துகிறது. பார்க்கும் கண்கள் கூடிய அளவுக்கு, பார்ப்பதற்குத் துணையான படங்கள் கூடவில்லை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஏர்லி பேர்டு திட்டம் இந்திய மொழிகளில் ஓவியங்களோடு சுவரொட்டிகளும் கையேடுகளும் வெளியிட்டு நல்ல தொடக்கம் செய்திருக்கிறது. ஆனால் அவை நாடு முழுமைக்குமானவை. காளப்பநாயக்கன்பட்டி அரசுப் பள்ளிச் சுவரில் காளப்பநாயக்கன்பட்டியில் பறக்கும் பறவைகளின் படம் மாட்ட வேண்டும் என்றால் அதை வரைய இங்கேதான் ஆள் வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலை என்றாலே மேற்கு மலைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூடக் கிடைக்காது. வெர்னே அறிவியல் ஆய்வுக் குழு 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேர்வராயன் மலை உள்ளிட்ட இந்தத் தொடரின் பறவைகளைச் சேகரித்ததும், ஹியூ விஸ்லரும் கின்னியரும் அதைப் பகுதி பகுதியாக எழுதி வெளியிட்டதும் ஆய்வாளர்களுக்குத் தெரியும். அந்தப் பறவைகளோடு வாழும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்படி யாரும் எதுவும் செய்யவில்லை.

நம் மாநிலப் பறவையையே எடுத்துக்கொள்வோம். மரகதப்புறா. எத்தனை பேர் அதைப் படத்திலாவது சரியாகப் பார்த்திருக்கிறோம்? கூச்ச சுபாவம் கொண்ட பறவை. காட்டுத் தரையில் உதிர்ந்த பழமும் விதையும் பொறுக்கும். ஆள் நடமாட்டம் கேட்டால் தாழப் பறந்து மரங்களுக்கிடையே மறைந்துவிடும். அதன் மின்னும் பச்சைச் சிறகையும் செம்பவள அலகையும் நிதானமாகக் காட்ட ஓவியம் வேண்டும். இந்த மலைத்தொடரின் பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அழியும் அபாயமுள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இருக்கிறது. கருங்கல் குவாரிக்கு ஒரு குன்று போனால் அதனுடன் இதன் இருப்பிடமும் போகிறது. அப்படியொரு பறவை தங்கள் குன்றில் இருப்பது தெரியாத ஊர், குன்று போகும்போது எதை இழந்தோம் என்றும் அறியாது.

ஆறுமணிக்குருவியை வரைவது எப்படி என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தெற்கே வந்து சேரும் பறவை. தோப்பிலும் புதரடியிலும் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுருதியில் சீட்டியடிக்கும். அந்த நேரம் போக, பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது. முதுகு பச்சை, தோளில் ஒளிரும் நீலத் திட்டு, உச்சந்தலையில் தவிட்டு நிறத்தின் நடுவே கறுப்புக் கோடு, கண்ணை மூடிச் செல்லும் கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம், தொண்டை வெள்ளை, நெஞ்சு வெளிர் மஞ்சள் கலந்த தவிடு, வாலடியில் செக்கச் சிவப்பு, வாலோ இருக்கிறதா இல்லையா என்னும்படி குட்டை. இந்த நிறங்களில் ஓவியருக்குச் சோதனை வைப்பது தோளின் நீலம். அந்த இறகில் நீல நிறமி என்று எதுவும் இல்லை. இறகின் நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. பனங்காடையின் சிறகும் மீன்கொத்தியின் முதுகும் இப்படித்தான் நீலமாகின்றன. கிளியின் பச்சை, மஞ்சள் நிறமியோடு இந்தக் கட்டமைப்பு நீலம் சேர்ந்து உண்டாவது. மாங்குயிலின் மஞ்சள் அது தின்னும் உணவிலிருந்து வரும் நிறமி. ஊதாத் தேன்சிட்டு ஆண், ஒரு கோணத்தில் கறுப்பாகவும் சற்றே திரும்பினால் ஊதாவாகவும் தெரியும். எந்த நிறம் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்த ஓவியர் அதற்கேற்ப வண்ணம் ஏற்றுவார். நீலத்தை அடர்த்தியாகப் பூசினால் செத்துவிடும். வெண்மையின் மேல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால்தான் உள்ளிருந்து ஒளி வருவதாகத் தோன்றும்.

‘எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில் ஓவியம் எதற்கு?’ என்று கேட்கலாம். முதலில் எழ வேண்டிய கேள்விதான். புகைப்படம் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வெளிச்சத்தில், குறிப்பிட்ட ஒரு பறவையைக் காட்டும். ஆறுமணிக்குருவி நிழலில் வாழ்வதால் படத்தில் பாதி இருளில் கிடக்கும். ஃபிளாஷ் போட்டால் நெஞ்சு வெளிறிப்போகும். சருகு ஒன்று வாலடிச் சிவப்பை மறைத்துவிடும். ஓவியர் பல பறவைகளைப் பார்த்து, அந்த இனத்தின் எல்லா அடையாளங்களும் ஒரே படத்தில் துலங்கும்படி வரைகிறார். ஆணையும் பெண்ணையும், இளையதையும் முதிர்ந்ததையும் ஒரே நிலையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். அரசவால் ஈப்பிடிப்பானின் செம்பழுப்பு ஆணும் வயதான வெள்ளை ஆணும் ஒரே பறவைதான் என்று புதியவருக்கு நம்பிக்கை வர இப்படி ஒரு படம் போதும். இதனால்தான் கேமரா எவ்வளவு முன்னேறிய பிறகும் களக் கையேடுகளில் ஓவியங்கள் தொடர்கின்றன. 1998-இல் வெளிவந்து இந்தியப் பறவை ஆர்வலர்களின் பைகளில் இடம்பிடித்த கிரிமெட், இன்ஸ்கிப் கையேட்டுக்குப் படம் வரைந்தவர்களில் நம் நாட்டுக் கார்ல் டிசில்வாவும் ஒருவர். மா. கிருஷ்ணன், காட்டுயிர்ப் புகைப்படக் கலையில் முன்னோடி. அவரே, 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிவந்த தொடருக்குத் தன் கையால் படம் வரைந்தார். தமிழில் பறவைகளைப் பற்றி எழுதியபோதும் அவர் எழுத்தில் ஓவியரின் கண் இருந்தது. எப்போது கேமராவை எடுக்க வேண்டும், எப்போது தூரிகையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

சரி, இப்படி வரைய இந்தச் சமவெளியில் கைகள் உண்டா? உண்டு. இயற்கையைத் துல்லியமாக வரைவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, பறவைகளையும் விலங்குகளையும் செடிகொடிகளையும் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். அங்கிருந்து சீமைக்குப் போன படத்தொகுப்பு ஒன்று இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பொம்மையும் தெய்வப் படமும் எழுதிய மரபில் வந்த கைகள், கேட்டபோது இறகு இறகாக வரைந்து கொடுத்தன. இன்றைய நாமக்கல்லில் அந்தக் கைகளின் நெருங்கிய உறவு லாரிப் பட்டறையில் இருக்கிறது. பாடி கட்டும் தொழிலுக்கு இந்த ஊர் இந்தியா முழுதும் பெயர்பெற்றது. லாரியின் நெற்றியிலும் பக்கப் பலகையிலும் பெயர், பூ, மயில், கழுகு என்று எனாமல் வண்ணத்தில் எழுதுகிற பெயின்டருக்கு, கோடு நடுங்காமல் ஒரே இழுப்பில் வளைவை முடிக்கத் தெரியும். ஸ்டிக்கர் வந்து அந்த வேலையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. ஊருக்கு ஊர் ‘ஆர்ட்ஸ்’ என்று பெயர் வைத்துக் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவர்களின் பிழைப்பை ஃபிளெக்ஸ் போர்டு பறித்தது. அரசுப் பள்ளிகளில் 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள், வாரத்தில் பாதி நாள் வேலையும் முழு நாள் கவலையுமாகப் பணி நிரந்தரத்துக்குப் போராடிவருகிறார்கள். அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. கொங்கு, சேலம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே படித்துத் திரும்பி வந்தால் மாட்டுவதற்குச் சுவர் இல்லை. லலித் கலா அகாதெமியின் சென்னைக் கூடத்துக்குச் சட்டமிட்ட ஓவியங்களோடு 350 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, வாடகை கட்டி, ஒரு வாரம் தங்கி, பெரும்பாலும் விற்காமல் திரும்ப வேண்டும். திறமைக்குப் பஞ்சமில்லை, திறமை விலைபோகும் இடத்துக்குத்தான் பஞ்சம்.

‘சேந்தமங்கலத்தில் யார் வாங்குவார்கள்?’ என்று அடுத்த கேள்வி வரும். 1966-இல் இஞ்சம்பாக்கத்தில் யார் வாங்குவார்கள் என்றும் கேட்டிருக்கலாம். சவுக்கும் மணலுமாகக் கிடந்த இடம் அது. சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்கு ஆண்டு முழுதும் வண்டி போகிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் மலையேறுகிறார்கள். ஆனால் சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பச் சொல்லவில்லை. பறவைப் படத்துக்குப் பள்ளி ஒரு வாடிக்கையாளர். வனத்துறையின் தகவல் பலகைகள், ஊராட்சி அலுவலகச் சுவர், நாட்காட்டி அச்சிடும் நிறுவனங்கள், மிளகும் காப்பியும் பொட்டலம் கட்டி விற்கும் மலைவாழ் மக்களின் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாமே வாடிக்கையாளர்கள். ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து மூல ஓவியம் வாங்க முடியாத குடும்பம், இருநூறு ரூபாய்க்கு மாங்குயிலின் நல்ல அச்சுப் படம் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டும். வண்ணப் பறவையின் மேல் நம் மக்களுக்கு ஆசை இல்லாமலா வெளிநாட்டுக் கிளிகளை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துக் கூண்டில் அடைக்கிறார்கள்? நம் காட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றாலும் விற்பனை ஒழியவில்லை. அந்த ஆசைக்கு நேர்வழி ஒன்றைத் திறந்துவிட்டால் கொஞ்சம் பேராவது அந்தப் பக்கம் வருவார்கள்.

உற்பத்தி செய்கிறவர்களே சேர்ந்து சந்தையை நடத்துவது இந்த மாவட்டங்களுக்குப் பழகிய காரியம். மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் ஆக்கும் ஆலைக்காரர்கள் இடைத்தரகர்களிடம் சிக்கி விலையை இழந்துகொண்டிருந்தபோது, 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற தொழில் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் வைத்து, ஏலத்தில் விற்று, உறுப்பினருக்குப் பணம் தருவது அதன் முறை. கைத்தறி நெசவாளர்களுக்கு 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. ஜவ்வரிசிக்கும் சேலைக்கும் கூட்டுறவு கண்ட ஊர், ஓவியத்துக்கு மட்டும் ஏன் ஒரு வள்ளல் வருவான் என்று காத்திருக்க வேண்டும்? இது ஓரி ஆண்ட மலை. வன்பரணர் அவன் கொடையைப் பாடினார். கொடை நல்லதுதான். கொடுப்பவன் இருக்கும்வரை மட்டும் அது நீடிக்கும் என்பதும் உண்மை. அரசு விருதும் உதவித்தொகையும் வந்தால் வரட்டும், மறுக்க வேண்டாம். ஆனால் கூடத்தின் வாடகை அதை நம்பி இருக்கக் கூடாது.

‘பிழைப்புக்குப் பறவை வரைந்து வரைந்து கலைஞன் செத்துவிடுவான்’ என்பது ஓவியர்களே சொல்லக்கூடிய மறுப்பு. கனமான மறுப்பு இது. சோழமண்டலத்து நாட்களிலும் கைவினைக்கும் கலைக்கும் எல்லைக்கோடு போட்டுப் பேசியவர்கள் இருந்தார்கள். விடை இரண்டு பகுதியாக இருக்கிறது. முதலாவது, வயிற்றுக்கு எதையாவது செய்தே ஆக வேண்டும். ஃபிளெக்ஸ் கடையில் கணினி முன் அமர்ந்து அரசியல்வாதிகளின் முகத்தை வெட்டி ஒட்டுவதைவிட, ஒரு பனங்காடையின் சிறகைப் புரிந்துகொண்டு வரைவது கண்ணைக் கூர்மையாக்கும் வேலை. இரண்டாவது, கூடத்தின் விதியிலேயே இந்த இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். முன்னறை பறவைப் படத்துக்கும் அச்சுக்கும். உள்ளறை உறுப்பினர் ஒவ்வொருவரின் சொந்தப் படைப்புக்கும். அங்கே பறவை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதியை வரையலாம், கோழிப்பண்ணையை வரையலாம், வெறும் கோடுகளை வரையலாம். விற்குமா என்று உள்ளறையில் யாரும் கேட்கக் கூடாது. முன்னறை சம்பாதிப்பதே உள்ளறை சுதந்திரமாக இருப்பதற்காகத்தான். வணிகக் கூடத்தின் முதலாளிக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது. உறுப்பினர்களே முதலாளியாக இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

கூட்டுறவு என்றாலே நம் மக்களுக்கு ஒரு சலிப்பு உண்டு. தேர்தலும் கட்சியும் புகுந்து கெட்டுப்போன சங்கங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதனால் சிறிதாகத் தொடங்குவதே நல்லது. விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபது வரைந்தவருக்கு, இருபது பொது நிதிக்கு, பத்து அன்றாடச் செலவுக்கு என்று முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். பொறுப்பு ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். சோழமண்டலத்திடமிருந்து கற்க வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கே ஓவியர்கள் வீடும் கட்டிக் குடியேறினார்கள். காலப்போக்கில் சிலர் வேறு ஊருக்குப் போனார்கள் (வாசுதேவ் பெங்களூருக்கு, விஸ்வநாதன் பாரிஸுக்கு), சிலர் மறைந்தார்கள். முதல் தலைமுறை கட்டிய கிராமத்துக்குள் இளம் ஓவியர் எப்படி நுழைவது என்பது அத்தகைய எந்த இடமும் சந்தித்தே ஆக வேண்டிய கேள்வி. சேந்தமங்கலக் கூடத்தில் வீடு வேண்டாம், மனை வேண்டாம். சுவரும் மேசையும் மட்டும் பொதுவாக இருந்தால் வாரிசுச் சிக்கல் இல்லை. ஆண்டுதோறும் புது உறுப்பினருக்கு இடம் கட்டாயம் ஒதுக்கலாம். பெண்களுக்கும் கொல்லிமலை மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கும் தொடக்கத்திலேயே சரிபாதி இடம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1972-இல் நியூயார்க்கில் பெண் ஓவியர்கள் ஏ.ஐ.ஆர். என்ற கூட்டுறவுக் கூடத்தைத் தாமே தொடங்க வேண்டி வந்தது, மற்றக் கூடங்கள் அவர்களுக்குக் கதவைத் திறக்காததால்தான். மலைவாழ் இளைஞர்களைச் சேர்ப்பது சலுகையும் அல்ல. எந்தச் சோலையில் எந்த மாதம் எந்தப் பறவை பழம் தின்ன வரும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அது இல்லாமல் வரைந்த படத்தில் பறவை சரியாக இருக்கும், அது உட்கார்ந்திருக்கும் கிளை தவறாக இருக்கும்.

கடைசி மறுப்புதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பறவையைப் பிரபலமாக்கினால் பறவைக்கே ஆபத்து வராதா? வரும். ஒரு கூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மறுநாள் பத்துக் கேமராக்கள் நிற்கும் நிலைமை இன்று பல இடங்களில் இருக்கிறது. கிளையை ஒடித்துக் கூட்டைத் திறந்து படமெடுக்கிறார்கள். குஞ்சு வெயிலில் வாடுகிறது, காகமும் வல்லூறும் வழி கண்டுகொள்கின்றன. பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே இழுக்கிறார்கள். எதிரி வந்துவிட்டதென்று அது தன் நேரத்தையும் பலத்தையும் வீணாக்குகிறது. இந்தப் பழக்கத்துக்கு ஓவியம் மாற்றாக இருக்க முடியும். ஓவியருக்குப் பத்தடி நெருக்கம் தேவையில்லை. இருநோக்கியும் குறிப்பேடும் எடுத்துத் தோப்போரத்தில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். பறவை தானாக வந்து போகும். விடுபட்டதை அடுத்த நாள் வரையலாம். கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படம் இங்கே மாட்டப்பட மாட்டாது, ஆந்தையோ அரிய பறவையோ கண்ட இடம் படத்தின் கீழ் எழுதப்பட மாட்டாது என்று கூடம் விதி வைக்க வேண்டும். பறவை பார்க்கும் குழுக்களோடு சேர்ந்து, பொங்கல் கணக்கெடுப்பு நாட்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்து ஏரிக்கும் தோப்புக்கும் அழைத்துப்போய், கண்டதை அன்றே வரையச் சொல்லலாம். வரைந்து பார்த்த பிள்ளை பறவையை எளிதில் மறப்பதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய முதல் வேண்டாம். சேந்தமங்கலம் பேரூராட்சிக்கு என் கோரிக்கை: பயன்படாமல் கிடக்கும் பொதுக் கட்டடம் ஒன்றைக் குறைந்த வாடகைக்கு, குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொடுங்கள். பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு: வகுப்பறைக்குப் படம் வாங்கும்போது உங்கள் ஊர்ப் பறவையை உங்கள் ஊர் ஓவியரிடம் கேளுங்கள். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து ஓவியர்களே, ஆர்ட்ஸ் கடைக்காரர்களே, ஓவிய ஆசிரியர்களே, வரும் அக்டோபருக்குள் ஒருவரையொருவர் தேடிக் கூடுங்கள். ஆளுக்கு ஒரு பறவையை எடுத்துக்கொண்டு வரையத் தொடங்குங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்.